ஒன்பதாவது கொழு

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஒரு மெயிலுக்கு நான் பதில் போட்டாக வேண்டும். வருகிறேன், அல்லது வரவில்லை. இரண்டில் ஒன்று. கோயம்புத்தூர் கம்பெனி கொடுத்த கெடு அது.

உழவுக் கருவிகள் செய்கிற கம்பெனி. இரண்டு வருஷம் முன்பு வரை அங்கேதான் வரைபடப் பிரிவில் இருந்தேன். கணவர் ஆரோக்கியஜோசப்புக்குக் காரைக்காலில் நெடுங்காடு ரோட்டில் வெல்டிங் பட்டறை. அவர் இங்கே, நான் அங்கே. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வருவேன், ஞாயிறு ராத்திரி பஸ்ஸில் திரும்புவேன். எங்கள் பெண் ஆன்லினுக்கு அம்மா என்றால் சனிக்கிழமை வருகிற ஆள் என்றே ஐந்து வயது வரை நினைப்பு. பிறகு ஒரு நாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். சும்மா வரவில்லை. மனசில் ஒரு கலப்பை இருந்தது. அதைச் செய்ய வந்தேன்.

இரண்டு வருஷத்தில் பட்டறையில் கேட்டும் கிரில்லும்தான் செய்தோம். கலப்பை சுவரில் வரைபடமாகத் தொங்கிக்கொண்டிருந்தது, நானும் அதன் முன்னால் நடந்துகொண்டிருந்தேன். எனக்குச் சேர்ந்தாற்போல் பத்து நிமிஷம் உட்காரத் தெரியாது. காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவள் என்று என் அம்மாவே சொல்வாள். ஜோசப்போ, நான் நடக்க வழி வேண்டும் என்று நாற்காலியை மட்டும் ஓரமாக இழுத்துப் போடுவார்.

பழைய வேலைக்கே திரும்பி வரச்சொல்லிக் கம்பெனியிலிருந்து மெயில் வந்ததும் அவரிடம் தெளிவாகச் சொன்னேன். "கலப்ப ஓடுச்சுன்னா இங்கயே இருக்கேன். ஓடலன்னா ஆன்லினக் கூட்டிக்கிட்டுக் கெளம்பிடுவேன்."

வெல்டிங் ராடை மாற்றிக்கொண்டே, "ஓடும்" என்றார். மனுஷர் எதற்கும் ஒரு வார்த்தைக்கு மேல் செலவு செய்கிறவர் இல்லை. எனக்கு அதுவே எரிச்சல்.

எங்கள் பக்கத்துக் களிமண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஈரமாக இருந்தால் பசை, காய்ந்தால் செங்கல். நடுவில் உழுவதற்குப் பதமாக இருப்பது ஒரு கோடை மழைக்குப் பிறகு ஒன்றரை நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள். வருஷா வருஷம் சேற்றுழவு ஓட்டியதில் ஒரு சாண் ஆழத்தில் மண் பலகை மாதிரி இறுகிக் கிடக்கும். மேலே அறுப்பு மெஷின் விட்டுப்போன வைக்கோல் தாள். இந்த வயலில் கடையில் விற்கிற கொத்துக் கலப்பையை இறக்கினால் கால்களுக்கு நடுவே தாள் அடைத்துக்கொள்ளும், பரங்கிக்காய் அளவுக்குக் கட்டி பேர்ந்து வரும், ட்ராக்டர் கரும்புகை கக்கும். அது எங்கோ மேற்கே செம்மண்ணுக்காக வரைந்த கலப்பை. வரைந்தவர்களில் நானும் ஒருத்தி. வண்டல் நாட்டில் பிறந்துவிட்டு, பிறந்த மண்ணுக்கு ஆகாத சாமானை வரைந்து சம்பளம் வாங்கினேனே என்ற குறுகுறுப்பு எனக்கு அப்போதிருந்தே உண்டு.

அதனால் என் கலப்பையில் ஒன்பது கால்களை மூன்று வரிசையாகப் பிரித்து நிறுத்தினேன், தாள் நழுவிப்போக இடம் விட்டு. காலின் நுனியில் மண்ணுக்குள் போகிற இரும்புக்குக் கொழு என்று பேர். அதை ஒடுக்கமாக்கி, நிமிர்ந்து நிற்காமல் படுத்த சாய்வாக வைத்தேன். மண்ணை முட்டக்கூடாது, அடியில் நுழைந்து தூக்கிவிட வேண்டும். மாசி மாதம் பூவம் கிராமத்தில் ஒரு துண்டு நிலத்தில், காயலான் கடையில் பொறுக்கிய தேய்ந்த கொழுக்களைத் திருத்தி மாட்டி ஓட்டிப் பார்த்தோம். மண் புட்டு மாதிரி உதிர்ந்தது. அன்று ராத்திரி நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அம்பகரத்தூர் குஞ்சிதபாதம் ஐயா அதைக் கேள்விப்பட்டு வந்தார். கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலம். பட்டறையில் கலப்பையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எங்க நல்லேருக்கு இதயே பூட்டுவோம்மா. ஊரே பாக்கட்டும்" என்றார். சித்திரையில் வருஷத்தின் முதல் உழவைப் பூஜை போட்டுத் தொடங்குவதற்கு நல்லேர் என்று பேர். ஈசானி மூலையில் இருக்கிற வயலில் மூன்று சுற்று. அன்றைய உழவு எப்படியோ அப்படித்தான் அந்த வருஷம் என்று அவர்கள் நம்பிக்கை. அந்த மேடையில் என் கலப்பை. பயமும் சந்தோஷமும் சேர்ந்து இருப்புக் கொள்ளவில்லை எனக்கு.

மழை பெய்தது. நாளும் அமைந்தது. அன்றைக்குத்தான் கம்பெனியின் கெடுவும்.

காலையில் புதுக் கொழுக்களை மாட்டும்போது ஒன்றுக்குப் போல்ட் துளை கால் அங்குலம் தள்ளியிருந்தது. அவசரத்தில் துளைத்தது நான்தான். வேறு வழியில்லாமல் பூவத்தில் ஓட்டிய பழைய கொழு ஒன்றைத் தேடி எடுத்துக் கடைசி வரிசையின் இடது ஓரத்தில் மாட்டினோம். மற்ற எட்டும் புதுசு. அந்த எட்டுக்கும் ஜோசப் சிவப்பு எனாமல் அடித்திருந்தார். இரண்டு பூச்சு. குனிந்தால் முகம் தெரிகிற பளபளப்பு. எங்கள் தெரு மாதா சப்பரத்துக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கிற கை அவருடையது.

"நல்லேருக்குப் போவுது. வெறும் இரும்பா அனுப்பக்கூடாதுல்ல" என்றார். அவருக்கு அது பெரிய பேச்சு.

"அழகா இருக்கு" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

ஒன்பது மணிக்குக் கலப்பைக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தார்கள். குஞ்சிதபாதம் ஐயாவின் மனைவி கல்யாணசுந்தரி அம்மா தேங்காய் உடைத்தார். மகன் செந்தில்குமார் ட்ராக்டரில் ஏறினான். வரப்பில் இருபது முப்பது பேர். குஞ்சிதபாதம் ஐயா ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்தி, உருட்டி, உடைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பதம் சரி.

கலப்பை இறங்கியது. பத்தடி தூரம் நன்றாகப் போனது. பிறகு ட்ராக்டர் முக்க ஆரம்பித்தது. பின்னால் பார்த்தால் கொழுக்களில் மண் அப்பிக்கொண்டு வருகிறது. அப்பின மண்ணின் மேலே மண். கொஞ்ச நேரத்தில் கொழு ஒவ்வொன்றும் கொழுக்கட்டை ஆகி, மண்ணுக்குள் நுழைய முடியாமல் மேலே மிதந்து, வயலை உழாமல் வயலை இழுத்துக்கொண்டு போனது. கால் சுற்றுகூட வரவில்லை. செந்தில்குமார் நிறுத்திவிட்டான்.

"செதுக்கிட்டு ஓட்டுப்பா" என்றேன். குச்சியால் சுரண்டிவிட்டு ஓட்டினான். மறுபடி பத்தடி. ட்ராக்டரோடு பிணைக்கிற மேல் கம்பியைக் குறுக்கிச் சாய்வை மாற்றினேன். பத்தடி. ஆழத்தைக் குறைத்தேன். பத்தடி. கியரை மாற்றி வேகமாக ஓட்டச் சொன்னேன். இந்தத் தடவை எட்டடி. ஓரத்தில் இருந்த ஒரு கொழு மட்டும் சுத்தமாக இருந்ததைப் பார்த்தேன். அது வரப்போரம் ஓடுகிறது, அங்கே மண் லேசு, அதனால் ஒட்டவில்லை என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். படித்தவளுக்கு விளக்கத்துக்கா பஞ்சம்.

வரப்பில் யாரோ, "கேட்டு கிரில்லு செய்யறவங்க அதயே செய்யணும்" என்றது காதில் விழுந்தது. ஜோசப்புக்கும் விழுந்திருக்கும். அவர் ஸ்பேனரைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

குஞ்சிதபாதம் ஐயா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "பரவால்லம்மா. பதம் போயிடும். பழைய கலப்பய மாட்டி ஓட்டிக்கிறோம்" என்றார்.

கல்யாணசுந்தரி அம்மாதான் நகரவில்லை. "மத்த வயல எதுல வேணா ஓட்டிக்குங்க. இந்த மூல வயல்ல பூட்டுன ஏரு மூணு சுத்து வந்துதான் வயல விட்டுப் போவணும். பாதியில நிறுத்துன நல்லேரு எனக்கு வேணாம்."

"ஓட மாட்டேங்குதே, என்ன பண்ண?" என்றார் ஐயா.

"பொழுது எறங்கறதுக்குள்ள ஓட்டட்டும்." என்னைப் பார்த்தார். "ஓட்டிடுவியாம்மா?"

தலையை மட்டும் ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

கலப்பையை மூலை வயலின் வரப்போரம் கழற்றிப் போட்டுவிட்டுச் செந்தில்குமார் பழைய கலப்பையோடு அடுத்த வயலுக்குப் போனான். கூட்டம் கலைந்தது. ஜோசப்புக்குக் காரைக்காலில் ஒரு கேட் பொருத்துகிற வேலை பாக்கி. ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு, "ஓடும்" என்றார்.

"ஒங்களுக்குத் தெரிஞ்சது இந்த ஒரு வார்த்ததான்" என்றேன். "கூட நின்னு என்ன கோளாறுன்னு பாக்கத் துப்பில்ல. சப்பரத்துக்குப் பெயிண்ட் அடிக்கறதோட நிறுத்திக்குங்க."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் போய்விட்டார்.

பம்ப்செட் கொட்டகைக்கும் கலப்பைக்கும் நடுவில் நடந்தேன். கணக்குப் போட்டேன். சாய்வு தப்பா, இடைவெளி தப்பா, பூவத்து மண்ணும் இந்த மண்ணும் வேறா. பூவத்திலும் இதே களிதான். அடுத்த வயலில் பழைய கலப்பை கட்டி கட்டியாகப் பேர்த்துக்கொண்டு போனது, ஆனால் போனது. என்னுடையது போகவில்லை. கடல்காற்று எழும்பிவிட்டது. மேல்மண் வெளுக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு நிமிஷமும் வயலிலிருந்து ஈரம் போகிறது, அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறேன். அழுகையாக வந்தது, அழவும் ஆத்திரம் விடவில்லை.

ஒரு மணிக்குச் சற்று முன்னால் ஃபோனை எடுத்தேன். பட்டறைக்கு ஆர்டர்கள் வருகிற மெயில் முகவரிதான் எனக்கும். 'வருகிறேன். திங்கட்கிழமை சேர்ந்துகொள்கிறேன்' என்று தட்டி அனுப்பிவிட்டேன். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. மிக்க மகிழ்ச்சி, உங்கள் பழைய மேஜை அப்படியே இருக்கிறது என்று. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று தெரியாமலா இருக்கிறேன். தெரிந்து என்ன, கை முந்திக்கொள்கிறது.

அனுப்பியதும் செய்ய ஒன்றுமில்லை. கை சும்மா இருக்கவில்லை. கலப்பையை எப்படியும் பட்டறைக்கு ஏற்ற வேண்டும், அப்பின மண்ணே அரை மூட்டை இருக்கும். ஒரு தகரத் துண்டை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தேன். முதல் கொழுவில் மண் வரவே மாட்டேன் என்றது. நெம்பினேன். ஒரு பெரிய கட்டியாகப் பெயர்ந்து காலடியில் விழுந்தது. இரண்டாவது. மூன்றாவது. எட்டு முடித்தேன். ஒன்பதாவதற்குப் போனேன். சுரண்ட ஒன்றுமில்லை. வெள்ளிக் கரண்டி மாதிரி இருந்தது.

காலடியில் கிடந்த கட்டியை எடுத்துத் திருப்பினேன். கொழுவோடு ஒட்டியிருந்த பக்கம் சிவப்பு. எனாமல் மண்ணோடு பிசிறு பிசிறாகப் பெயர்ந்து வந்திருந்தது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த மண்ணிலேயே.

கல்லூரியில் இரண்டாம் வருஷம், புதுக் கலப்பை ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, முதல் நாள் முழுக்க எங்களைச் செங்கல் வைத்துப் பெயிண்டைத் தேய்க்க வைத்தார்கள். களிமண் வழுக்கிக்கொண்டு போக வேண்டுமானால் இரும்பு வெறுமையாக, பளபளவென்று இருக்க வேண்டும். பெயிண்டைக் கண்டால் களி பிடித்துக்கொள்ளும், அதுவும் சரியாக உலராத பெயிண்ட் என்றால் விடவே விடாது. அன்றைக்கு விரலில் கொப்புளம் வந்தது. பாடமும் மறக்காது என்று நினைத்திருந்தேன். பூவத்தில் ஓடியது தேய்ந்து மின்னிய பழைய கொழு. என் சாய்வு படுத்த சாய்வு, அதில் மண் வழுக்கினால்தான் உண்டு, ஒட்டினால் ஒன்றுமே இல்லை. எல்லாம் தெரியும். தெரிந்தவள்தான் காலையில் முகம் பார்த்து, அழகா இருக்கு என்றேன். அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தப்பு யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக நான் சாய்வையும் ஆழத்தையும் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜோசப்பைக் கூப்பிட்டேன். "கிரைண்டர எடுத்துக்கிட்டு வாங்க. மெருகு போடற வட்டுல நாலு. நீள வயரு. ஒடனே."

"என்னாச்சு?"

"பெயிண்ட்தான். கொழுவுல பெயிண்ட் இருக்கக்கூடாது. நான் பாத்துட்டு விட்டுட்டேன்."

"வர்றேன்" என்றார்.

அரைமணியில் வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெயிண்டைக் குறை சொன்னதற்குக் கோபம் என்று நினைத்தேன். காலையில் பேசிய பேச்சுக்கும் சேர்த்து இருக்கும். பம்ப்செட் கொட்டகையிலிருந்து வயரை இழுத்து, கலப்பையைப் புரட்டி வைத்து, கிரைண்டரைக் கையில் எடுத்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எந்தப் பக்கமாத் தேய்க்கணும்?"

"நுனியிலேருந்து மேல. மண்ணு ஏறுற பக்கமா. குறுக்க ஒரு கோடு விழக்கூடாது."

தேய்க்க ஆரம்பித்தார். சிவப்பு தூளாகப் பறந்து அவர் புருவத்தில் படிந்தது. இரண்டு பூச்சையும் எடுத்து, கீழே இருந்த கரும்படலத்தையும் எடுத்து, அதற்குப் பிறகும் விடாமல் மெருகேற்றினார். ஒரு கொழுவுக்குக் கால் மணி. நான் பக்கத்தில் நின்று விரலால் தடவிப் பார்த்து, இன்னும், இன்னும் என்றேன். இன்னும் தேய்த்தார். சப்பரத்துக்கு அடிக்கிறபோது எவ்வளவு கவனமோ அவ்வளவு கவனம் அழிக்கிறபோதும். வெயில் சாய்ந்துகொண்டே போனது. ஐந்து கொழு முடிந்தபோது மணி மூன்றரை. "வேகமா" என்று மூன்று தடவை சொன்னேன், பிறகு சொல்லவில்லை.

நாலரைக்கு எட்டும் முடிந்தது. செந்தில்குமார் ட்ராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தினான். "அக்கா, மேல காஞ்சிடுச்சு. எறங்குமா?" என்றான். குஞ்சிதபாதம் ஐயா வரப்பில் வந்து நின்றார். கல்யாணசுந்தரி அம்மா மட்டும் மறுபடி கற்பூரம் கொண்டுவந்திருந்தார். வேறு யாரும் இல்லை. கேட்டு செய்கிறவர்களை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருப்பார்கள்.

கலப்பை இறங்கியது. பத்தடி. நான் எண்ணிக்கொண்டே பின்னால் ஓடினேன். பதினைந்து. இருபது. கொழுவின் மேல் மண் ஏறுகிறது, விரிகிறது, உதிர்ந்து விழுகிறது. தாள் மூன்று வரிசைக்கும் நடுவில் பாம்பு போல வளைந்து பின்னால் வெளியேறுகிறது. ட்ராக்டர் முக்கவில்லை. முதல் சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றில் குஞ்சிதபாதம் ஐயா செருப்பைக் கழற்றிவிட்டு உழுத மண்ணில் இறங்கி, கையை முழங்கை அளவுக்கு உள்ளே விட்டுப் பார்த்தார். அடித்தட்டு உடைந்திருந்தது. மூன்றாவது சுற்றில் நான் ஓடவில்லை. நின்றுகொண்டே பார்த்தேன்.

கல்யாணசுந்தரி அம்மா கற்பூரம் காட்டினார். குஞ்சிதபாதம் ஐயா கையில் இருந்த மண்ணைத் தட்டாமலேயே என்னிடம் வந்தார்.

"கலப்பைய எடுத்துக்கிட்டுப் போவாதீங்க. இங்கயே கெடக்கட்டும். நாளைக்கு மத்த வயலயும் மறுபடி ஓட்டணும். காலையில ஓட்டுனது உழவே இல்ல."

சரிங்க ஐயா என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். நியாயமாக நான் குதித்திருக்க வேண்டும். ஃபோனை எடுத்து நேரம் பார்த்தேன். மணி ஐந்தே கால். திங்கட்கிழமை சேர்கிறேன் என்று எழுதிக்கொடுத்தவள் நான். என் மேஜை அப்படியே இருக்கிறதாம்.

ஜோசப் ஸ்கூட்டர் பக்கத்தில் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். முகம், சட்டை, கை எல்லாம் சிவப்புத் தூள்.

"ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"மெயில்தான? பாத்துட்டேன்."

"எப்ப?"

"ஒரு மணிக்கு. என் ஃபோன்லயும் அதான வருது. கேட்டு மாட்டிக்கிட்டு இருந்தேன்."

அப்படியானால் நான் கூப்பிட்டபோது அவருக்குத் தெரியும். நான் போவதாக எழுதிவிட்டேன் என்று தெரிந்துகொண்டுதான் வந்தார். தெரிந்துகொண்டுதான் எந்தப் பக்கம் தேய்க்கணும் என்று கேட்டார். இரண்டரை மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் தேய்த்தார்.

"தெரிஞ்சுமா வந்தீங்க?" என்றேன்.

வயரைச் சுருட்டி முடித்துப் பெட்டியில் வைத்தார். "நீ போனாலும் கலப்ப ஓடணும்ல. ஓடாத கலப்பய விட்டுட்டுப் போனீன்னா அங்க ஒனக்கு ராத்திரி தூக்கம் வராது."

எட்டு வருஷக் குடித்தனத்தில் அவர் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். நான் அங்கேயே, வரப்பிலேயே, குஞ்சிதபாதம் ஐயா பார்க்கிறார் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது. அவர் எட்ட நின்று, தூள் படிந்த கையை என் மேல் வைக்கலாமா என்று யோசித்து, வைக்காமல் விட்டார்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தேன். 'மன்னிக்கவும். நான் வரவில்லை. மேஜையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்' என்று தட்டினேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை படித்தேன். என் வாழ்க்கையில் ஒரு மெயிலை மூன்று தடவை படித்து அனுப்பியது அதுதான் முதல்.

ஸ்கூட்டரில் ஏறி அவர் பின்னால் உட்கார்ந்தபோது பதில் வந்தது. என் கையில் இருந்த ஃபோனும் அவர் சட்டைப்பையில் இருந்த ஃபோனும் ஒரே சமயத்தில் சத்தம் போட்டன. இரண்டு பேரும் எடுத்துப் பார்க்கவில்லை. என்ன திட்டியிருந்தாலும் வீட்டுக்குப் போய்ப் படித்துக்கொள்ளலாம்.

வண்டி நெடுங்காடு ரோட்டில் ஏறியதும் தலையை லேசாகத் திருப்பினார்.

"ஆனா செவப்பு நல்லாத்தான இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.